கேளுங்க, சொல்லுறம்: பறவை மோதினா பிளேன் தாங்குமா, அதக் கொம்பியூட்டர் எப்பிடிச் சொல்லுது?

போன இதழ்ல, பிளேன்ல பறவை மோதினா என்ன சேதம் வரும் எண்டத இப்பெல்லாம் கொம்பியூட்டர்ல சிமுலேஷன் செஞ்சு பாக்கிறாங்க எண்டு ஒரு சின்னப் பந்தி போட்டிருந்தம். அதுக்குத் திருகோணமலைப் பக்கத்தில இருந்து நிறையக் கேள்வி வந்திருக்கு, அதால இந்த மாசம் முழுப் பக்கமும் அதுக்குத்தான்.

கேள்வி: எங்கட வீடு சீனக்குடாவில. விமானப்படைப் பிளேன் எல்லாம் தலைக்கு மேலாலதான் போகும். மீன்வாடிப் பக்கம் பாத்தா பருந்தும் காகமுமா வானமே தெரியாது. ஒரு பறவை மோதி ஒரு பிளேன் விழுமா? இரும்போட இறகு மோதி இறகு வெல்லுமா சேர்? (ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், சீனக்குடா)

ஐயா, முதல்ல ஒண்டு, பிளேன்ட உடம்பு இரும்பில்ல. மெல்லிய அலுமினியத் தகடும், புதுப் பிளேன் எண்டா கார்பன் நாருந்தான். செட்டைட முன் விளிம்பில இருக்கிற தகடு ஒரு சில மில்லிமீட்டர் தடிப்புத்தான் வரும். பறவை மெல்லமாத்தான் பறக்கும், ஆனா பிளேன் வாற வேகம் இருக்கே, அதுதான் அடி. 1.8 கிலோ பறவை ஒண்டு, பிளேன் மணிக்கு 540 கிலோமீட்டர்ல போகேக்க மோதுது எண்டு வைங்க, கணக்குப் போட்டா சுமார் 20,000 ஜூல் சக்தி வரும். ஆக்கள் ஏறின ஒரு திரீவீலர் 30 கிலோமீட்டர் வேகத்தில வந்து மோதினா வாற சக்தி அது, அதுவும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ள, ஒரு செக்கனில ஆயிரத்தில ரெண்டு பங்கு நேரத்துக்குள்ள. வேகம் ரெண்டு மடங்கானா சக்தி நாலு மடங்கு, அதையும் மறக்காதீங்க.

நான் அந்த 1.8 கிலோவ சும்மா எடுக்கேல்ல. அது 4 இறாத்தல், பெரிய பயணிகள் பிளேனுக்கு அமெரிக்க, ஐரோப்பியச் சட்டங்களில இருக்கிற கணக்கு: 4 இறாத்தல் பறவை வேகமாப் போற பிளேன்ல மோதினாலும் அது பாதுகாப்பாத் தொடர்ந்து பறந்து இறங்க வேணும். சேதம் வரலாம், நசுங்கலாம், ஓட்டை கூட விழலாம், ஆனா இறங்கியே ஆக வேணும். அமெரிக்கச் சட்டம் வால் பகுதிக்கு மட்டும் 8 இறாத்தல் கேக்குது, ஐரோப்பாவில வாலுக்கும் 4தான்.

எங்கட ஊர்க் காகம் 300 கிராம் அளவு, செம்பருந்து அரைக் கிலோ அளவு, அதால தகட்டுக்குப் பெரிய ஆபத்தில்ல. கூழைக்கடா எண்டா 4 கிலோவுக்கு மேல போகும், அது வேற கதை. ஆனா பிளேன் விழுந்த சம்பவங்களப் பாத்தா கூடுதலா இன்ஜினுக்குள்ள போன பறவைகளாலதான், அங்க ஒண்டின்ட நிறைய விடக் கூட்டந்தான் பிரச்சினை. 1960 ஒக்டோபர் 4 பொஸ்டன்ல கையளவு சின்னப் பறவைக் கூட்டம் இன்ஜின்களுக்குள்ள போய் 62 பேர் செத்தாங்க. 2009 ஜனவரி 15 நியூயோர்க்ல ஏர்பஸ் ஏ320 ஒண்டின்ட ரெண்டு இன்ஜினுக்குள்ளயும் 3 கிலோவுக்கு மேல நிறையுள்ள வாத்துகள் போய், விமானி பிளேன ஹட்சன் ஆத்தில இறக்கி 155 பேரும் தப்பினாங்க. அதால ஐயா, உங்கட பக்கத்து ஆக்களுக்கு நீங்க ஒண்டு சொல்லுங்க, மீன் கழிவையும் குப்பையையும் ரன்வே பக்கம் கொட்ட வேணாம் எண்டு. எந்த சொஃப்ட்வெயாரும் செய்யேலாத வேலை அது.

கேள்வி: கொம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிறன். பறவை எண்டா எலும்பு, சதை, இறகு எண்டு எவ்வளவோ இருக்கு, அது அந்த வேகத்தில மோதி உடையிறத எப்பிடிக் கோட் எழுதுறாங்க? கேம்ல வாற மாதிரிப் படமா, உண்மையான கணக்கா? (மாணவி, திருகோணமலை வளாகம், கோணேசபுரி)

தங்கச்சி, உண்மையான கணக்குத்தான், நியூட்டன்ட விதிதான் உள்ளுக்க ஓடுது. செட்டைய ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டாப் பிரிப்பாங்க, அதுக்கு மெஷ் எண்டு பேர். ஒவ்வொரு துண்டின்ட மூலைக்கும் நிறை இருக்கு, அதில எவ்வளவு விசை விழுது, அதால ஆர்முடுகல் எவ்வளவு, அடுத்த கணத்தில அது எங்க நிக்கும் எண்டு பாத்து, பிறகு அந்தத் துண்டு எவ்வளவு இழுபட்டிருக்கு, அதால திரும்ப என்ன விசை வருது எண்டு கணிச்சு, திரும்ப முதல்ல இருந்து. ஒரு கணத்தில இருந்து அடுத்த கணத்துக்குப் போற ஒவ்வொரு நேரப் படியும் எவ்வளவு சின்னது தெரியுமா? அலுமினியத்துக்குள்ள சத்தம் செக்கனுக்கு சுமார் 5,000 மீட்டர் போகும், துண்டு 5 மில்லிமீட்டர் எண்டா அந்தச் சத்தம் அதக் கடக்க ஒரு மைக்ரோ செக்கன் எடுக்கும், உங்கட நேரப் படி அத விடப் பெருசா இருக்கக் கூடாது, இருந்தா கணக்கே வெடிச்சுப் போயிடும். அப்ப 3 மில்லி செக்கன் மோதலுக்கு 3,000 படி. சரி, இன்னும் துல்லியமா வேணும் எண்டு தகட்டுத் துண்ட நீளத்திலயும் அகலத்திலயும் பாதியாக்கினீங்க எண்டா, துண்டு 4 மடங்கு, படி 2 மடங்கு, மொத்தம் 8 மடங்கு வேலை. இதாலதான் பல்கலைக்கழகங்களில ரா முழுக்க மெஷின ஓட விட்டுட்டுப் போறாங்க.

பறவைக்கு வருவம், எனக்கு இந்த விஷயத்தில ஆகப் பிடிச்ச இடம் இதுதான். அந்த வேகத்தில பறவை திண்மம் இல்ல, ஓடுற திரவம். 1970களில அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் வில்பெக் பறவையையும் ஜெலட்டினையும் தகட்டில சுட்டு அழுத்தத்த அளந்து பாத்து இத நல்லாக் காட்டினார். முட்டின உடன ஒரு கூர்மையான அதிர்ச்சி, அது கண் இமைக்கிறத விடப் பல நூறு மடங்கு கெதியா முடிஞ்சிடும், பிறகு மிச்ச உடம்பு தகட்டில பாயிற நிலையான அழுத்தம். அந்தக் கடைசி அழுத்தத்துக்கு நீங்க ஏ.எல்.ல படிச்ச, திரவ ஓட்டத்துக்கான பேர்னூலி சமன்பாடே காணும்: அடர்த்தியில பாதிய வேகத்தின்ட வர்க்கத்தால பெருக்குங்க. அடர்த்தி கன மீட்டருக்கு 950 கிலோ, வேகம் செக்கனுக்கு 150 மீட்டர் எண்டா 10.7 மெகா பாஸ்கல் வரும், வளிமண்டல அழுத்தத்தப் போல நூறு மடங்குக்கு மேல, முதல் அதிர்ச்சி அதையும் விடப் பல மடங்கு. அதால மொடல்ல எலும்பு, இறகு ஒண்டும் வராது. ரெண்டு முனையும் அரைக்கோளமா இருக்கிற ஒரு உருளை, நீளம் விட்டத்தப் போல ரெண்டு மடங்கு, தண்ணிய விடக் கொஞ்சம் குறைஞ்ச அடர்த்தி, அவ்வளவுதான் பறவை. 4 இறாத்தலுக்கு 11 சென்டிமீட்டர் விட்டமும் 23 சென்டிமீட்டர் நீளமும் வரும்.

ஆனா திரவம் சிதறிப் பறக்கேக்க மெஷ் முறுகிச் சுருண்டு கணக்கு நிண்டிடும். அதுக்கு எஸ்பிஎச் எண்டு ஒரு முறை, பறவைய மெஷ் இல்லாம வெறும் துகள்களா வச்சு, ஒவ்வொரு துகளும் அக்கம்பக்கத் துகள்களப் பாத்துத் தன்ட அழுத்தத்தக் கணிக்கிற மாதிரி. 1977ல வானியல் ஆராய்ச்சிக்காரர் நட்சத்திரங்களக் கணிக்கிறதுக்காக இதக் கண்டுபிடிச்சாங்க, இண்டைக்கு அதே முறைதான் பிளேன் செட்டையில சிதறுற பறவையையும் கணிக்குது. அதே போல எல்எஸ்-டைனா எண்டுற, இந்தத் துறையில நிறைய ஓடுற சொஃப்ட்வெயார், அதின்ட வேர் 1976ல அமெரிக்க லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில ஜோன் ஹால்குவிஸ்ட் எழுதின டைனா3டி, தாழப் பறந்து போடுற அணுகுண்டு நிலத்தில மோதேக்க என்ன ஆகும் எண்டு பாக்க எழுதினது. பிறகு கார் மோதலுக்கு வந்து, பிளேனுக்கும் வந்து, இப்ப உயிர் காக்கிற வேலைக்கு நிக்குது. அலுமினியம் அந்த வேகத்தில எப்பிடி இறுகும், சூடேறி எப்பிடி இளகும் எண்டதுக்கு ஜோன்சன்-குக் சமன்பாட்டப் போடுவாங்க, தேடிப் பாருங்க, விளங்கும்.

கேள்வி: சொஃப்ட்வெயார் இவ்வளவு கெட்டித்தனம் எண்டா, ஏன் இன்னும் செத்த கோழியத் துவக்கில போட்டுப் பிளேன் கண்ணாடிக்குச் சுடுறாங்க? சிமுலேஷன நம்பலாமா நம்பக் கூடாதா, ஒண்டச் சொல்லுங்க. (விஞ்ஞான ஆசிரியர், மூதூர்)

சேர், நம்பலாம், ஆனா எந்த அடியோட ஒப்பிட்டுச் சரி பாத்தாங்களோ அந்த அடிக்குப் பக்கத்தில மட்டும். இது என்ட சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்ல, சட்டத்திலயே கிட்டத்தட்ட அப்பிடித்தான் இருக்கு: பறவை மோதலுக்குக் கணிப்பு மட்டும் காட்டி அனுமதி எடுக்கிறதெண்டா, அந்தக் கணிப்பு அதே மாதிரி வடிவமுள்ள உண்மையான கட்டமைப்பில செஞ்ச சோதனைகள அடிப்படையா வச்சிருக்க வேணும். அதாலதான் கோழித் துவக்கு இன்னும் இருக்கு, அழுத்தக் காத்தில குழலுக்குள்ளால சுடுறது, இப்பெல்லாம் கோழிக்குப் பதிலா ஜெலட்டினும் பாவிக்கிறாங்க, ஒவ்வொண்டும் ஒரே மாதிரி வரும் எண்டபடியால.

இத மீறினா என்ன நடக்கும் எண்டதுக்கு ஒரு சம்பவம் இருக்கு, நான் இத விளக்கமாச் சொல்லத்தான் வேணும். 2003 ஜனவரி 16 கொலம்பியா விண்ணோடம் கிளம்பி 82 செக்கன் அளவில, வெளிய பூட்டியிருந்த எரிபொருள் தாங்கியில இருந்து ஒரு நுரைத் துண்டு கழண்டு இடது செட்டையில அடிச்சுது. முக்கால் கிலோ அளவு, கையில தூக்கினா பாரமே தெரியாத நுரை, ஆனா மணிக்கு சுமார் 800 கிலோமீட்டர் வேக வித்தியாசம். அது மேல இருக்கேக்கயே பொறியியலாளர்கள் கணக்குப் போட்டாங்க, கிரேட்டர் எண்டுற ஒரு கணிப்பு முறையால. அது சின்னச் சின்னத் துண்டுகள, விண்ணோடத்துக்கு வெளிய ஒட்டியிருக்கிற சூடு தடுக்கிற ஓட்டில சுட்ட சோதனைகள வச்சு உருவாக்கினது, இந்த நுரைத் துண்டு அந்தச் சோதனைத் துண்டுகளப் போலப் பல மடங்கு பெருசு. அது ஓடு ஆழமாச் சேதப்படும் எண்டுதான் காட்டினது, ஆனா இந்தக் கணக்கு வழக்கமாவே கூட்டித்தான் சொல்லும், அதால பயமில்ல எண்டு எடுத்துக்கொண்டாங்க. பெப்ரவரி 1 திரும்பி வரேக்க செட்டைக்குள்ள சூடு புகுந்து விண்ணோடம் சிதறிச்சு, கல்பனா சாவ்லாவோட 7 பேரும் போயிட்டாங்க.

அதுக்குப் பிறகு அந்த வருஷம் ஜூலை 7ந் திகதி டெக்சாஸ்ல இருக்கிற சவுத்வெஸ்ட் ரிசேர்ச் இன்ஸ்டிடியூட்ல உண்மையான செட்டைப் பாகத்துக்கு அதே அளவு நுரையச் சுட்டாங்க, சுமார் 41 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்திச்சு. விசாரணையில எல்எஸ்-டைனாவாலயும் கணிச்சாங்க, அந்தச் சோதனைகளோட ஒப்பிட்டுத் திருத்தித் திருத்தித்தான் அது அடுத்த பறப்புகளுக்குப் பாவிக்கக்கூடிய கருவியா வந்திச்சு. பாத்தீங்களா சேர், கிரேட்டரும் ஒரு கணிப்பு, எல்எஸ்-டைனாவும் ஒரு கணிப்பு. எந்த அளவுக்குள்ள சோதிச்சிருக்கு எண்டு கேட்டிருந்தா அந்த மேசையில ஒரு பெரிய மௌனம் வந்திருக்கும், அந்தக் கேள்விய யாரோ ஒராள் விடாப்பிடியாக் கேட்டிருக்கலாம் எண்டு எனக்கு இண்டைக்கும் மனசு கிடந்து அடிக்கும். உங்கட பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில ஒரு பாடம் கூடச் சொல்லிக் குடுக்கிறதெண்டா இதச் சொல்லிக் குடுங்க, நிறம் நிறமா அசையிற அந்தப் படத்தப் பாத்த உடன நம்பாம, இது எதோட ஒப்பிட்டது எண்டு கேக்கச் சொல்லுங்க.

கேள்வி: பறவை தவிர வேற என்னத்த இப்பிடிச் சிமுலேட் பண்ணுறாங்க? (தம்பலகாமம் வாசகர்)

ஆலங்கட்டி மழை, ரன்வேயில கிடக்கிற கல், வெடிச்ச டயர்த் துண்டு, இன்ஜினுக்குள்ள உடைஞ்ச விசிறி இதழ். டயரச் சின்னதா நினைக்காதீங்க. 2000 ஜூலை 25 பாரிஸ்ல, முன்னால போன வேற பிளேன்ல இருந்து விழுந்து கிடந்த சுமார் 43 சென்டிமீட்டர் உலோகப் பட்டி ஒண்டு கொன்கோர்ட் எண்டுற அதிவேகப் பயணிகள் பிளேன்ட டயரக் கிழிச்சு, டயர்த் துண்டு செட்டைட அடியில அடிச்சு, உள்ளுக்க நிறைஞ்சு கிடந்த எரிபொருள்ல ஒரு அழுத்த அலை ஓடித் தாங்கி உள்ளுக்க இருந்து வெளிய வெடிச்சுது. 113 பேர் செத்தாங்க. அடிச்ச இடம் ஒண்டு, உடைஞ்ச இடம் வேற. இப்பிடித் திரவமும் தகடும் சேந்து ஆடுறதக் கணிக்கிறதுதான் இந்தத் துறையில கஷ்டமான வேலைகளில ஒண்டு.

கேள்வி: நிலாவெளி ஹோட்டல்களில கல்யாண வீடியோ எடுக்கிறன். என்ட ட்ரோன் ஒரு கிலோ கூட இல்ல, பிளேன் பறவையே தாங்குதெண்டா இதத் தாங்காதா அண்ணே? (வீடியோக் கலைஞர், உப்புவெளி)

தம்பி, நிறைய மட்டும் பாத்து ஒப்பிடாதீங்க. பறவை திரவமாகிப் பரவும் எண்டு மேல சொன்னன், உங்கட ட்ரோன்ட மோட்டரும் பெட்டரியும் கமராவும் பரவாது, ஒரே இடத்தில குத்தும். அமெரிக்காவில பல்கலைக்கழகங்கள் சேந்து இதச் சிமுலேஷன்ல பாத்து 2017ல வெளியிட்டாங்க, ஒரே நிறை ஒரே வேகம் எண்டா பறவைய விட ட்ரோன்தான் கூடச் சேதம் செய்யும் எண்டு வந்திச்சு. பிளேனுகளுக்கு ட்ரோன் மோதல வச்சுப் பறவைக்குப் போல ஒரு பழைய சட்டமும் இல்ல. சிவில் விமான சேவைகள் அதிகாரசபைட அனுமதி இல்லாம பறக்க விடாதீங்க, சீனக்குடாப் பக்கம் அறவே வேணாம்.

கேள்வி: மகன் கட்டார்ல. அடுத்த மாசம் போறன். புதுப் பிளேன் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி ஒண்டில செய்யிறதாம், அடி பட்டாலும் வெளிய தெரியாதாம் எண்டு மருமகன் சொல்லிப் பயப்படுத்திட்டார். (இல்லத்தரசி, கிண்ணியா)

அம்மா, மருமகன் சொன்னதில பாதி சரி. போயிங் 787ன்ட கட்டமைப்பு நிறையில பாதி, ஏர்பஸ் ஏ350ல 53 வீதமளவு, கார்பன் நாரப் பசையில தோய்ச்சு அடுக்கடுக்கா ஒட்டிச் செய்யிற கொம்போசிட். பழைய ஏ320லயே வால் அதிலதான், 1988ல இருந்து பறக்குது. அலுமினியத்தில ஸ்பானர் விழுந்தா நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கொம்போசிட்ல மேல ஒரு சின்னத் தழும்பு கூட இல்லாம உள்ளுக்க அடுக்குகள் பிரிஞ்சு கிடக்கலாம், அந்த இடத்த நெருக்கினா பலம் குறையும். இதுதான் பயமான பாதி.

மற்றப் பாதிய மருமகனுக்குச் சொல்லுங்க. இந்தப் பிளேனுகள வடிவமைக்கேக்கயே, கண்ணுக்குத் தெரியாத அளவு அடி ஏற்கனவே பட்டிருக்கு, பிளேன்ட ஆயுள் முழுக்க ஒருத்தரும் அதக் கண்டுபிடிக்கேல்ல எண்டு எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுறாங்க, அப்பிடி இருந்தும் சேவையில எதிர்பாக்கிற ஆகக் கூடின பாரத்தப் போல ஒண்டரை மடங்கத் தாங்க வேணும் எண்டது விதி. அடுக்குகளுக்கு இடையில பசை எப்ப விடும் எண்டதக் கணிக்கத் தனியான துண்டுகள மொடல்ல வைக்கிறாங்க, பிறகு அடிச்ச தகட்ட மெஷின்ல நெருக்கி எவ்வளவில உடையுது எண்டு கையாலயும் பாக்கிறாங்க. பெரிய அடி எண்டா, உதாரணமா சாமான் ஏத்துற வாகனம் கதவடியில முட்டினா, கீழ வேலை செய்யிறவர் உடன சொல்ல வேணும், தழும்பு தெரியாட்டியும் சொல்ல வேணும், பிறகு அல்ட்ராசவுண்ட் வச்சு உள்ளுக்கப் பாப்பாங்க. அப்பிடிச் சொல்லுற தொழிலாளிக்கு ஏச்சு விழாத இடந்தான் பாதுகாப்பான விமான நிலையம் எண்டு நான் நினைக்கிறன். நீங்க நிம்மதியாப் போய் மகனப் பாத்திட்டு வாங்க.

கேள்வி: ஏ.எல். மெத்ஸ் செய்யிறன், இந்த வேலைக்குப் போக ஆசை. வீட்டில ஒரு சாதாரண லெப்டொப் மட்டுந்தான் இருக்கு. எங்க இருந்து தொடங்கிறது? (மாணவன், திருகோணமலை)

தம்பி, லெப்டொப் காணும். பல்கலைக்கழகத்துக்கு மொரட்டுவை, பேராதனை, கிளிநொச்சியில இருக்கிற யாழ்ப்பாணப் பொறியியல் பீடம், எங்க கிடைச்சாலும் இயந்திரப் பொறியியலுக்குப் போகலாம், விமானந்தான் வேணும் எண்டா கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில விமானப் பொறியியலே இருக்கு. அதுவரைக்கும், 2022ல அல்டேர் கம்பனி ரேடியோஸ் எண்டுற தன்ட கணிப்பு சொஃப்ட்வெயார ஓப்பன்ரேடியோஸ் எண்டு இலவசமாத் திறந்து விட்டிருக்கு, மோதலுக்கெண்டே எழுதினது, எஸ்பிஎச்சும் அதுக்குள்ள இருக்கு. கள்ளக் கொப்பி தேடித் திரிய வேணாம்.

முதல் கிழமையே முழுப் பிளேன இறக்கி ஓட்ட நினைக்காதீங்க. மேல தங்கச்சிக்குச் சொன்ன அந்த உருளைய எடுங்க, 11 சென்டிமீட்டர் விட்டம், 23 நீளம், 950 அடர்த்தி, அத அசையாத தட்டைச் சுவரில செக்கனுக்கு 150 மீட்டர்ல மோத விடுங்க. நடு இடத்தில அழுத்தம் நேரத்தோட எப்பிடிப் போகுது எண்டு கிராஃப் எடுங்க, முதல்ல ஒரு உச்சி வரும், பிறகு இறங்கி ஒரு மட்டத்தில நிக்கப் பாக்கும், அந்த மட்டம் 10.7 மெகா பாஸ்கலுக்குப் பக்கத்தில இருக்க வேணும். இல்லாட்டி துகள் அளவ மாத்துங்க, அலகுகளப் பாருங்க, முக்கால்வாசிப் பேர் மில்லிமீட்டரையும் மீட்டரையும் கலந்துதான் மாட்டுப்படுறது. அது சரியா வந்த பிறகு சுவர எடுத்திட்டு அலுமினியத் தகட்ட வையுங்க. கிராஃப் வந்தா அனுப்புங்க தம்பி, இந்தப் பக்கத்திலயே போடுறம்.